பாப்-அப்புக்குள் பீட் எதற்கு?

வரைபடத் திட்டம் எதுவானாலும், வாடிக்கையாளர் கூட்டம் முடியும் நேரத்தில் ஒரு கோரிக்கை வந்துவிடுகிறது: "மார்க்கரைத் தொட்டா எங்க எக்ஸ் பக்கமும் உள்ளேயே ஓடட்டும் சார்." கேட்பவருக்கு அது சின்ன வேலை. விட்ஜெட் நிரலை நகலெடுத்து பாப்-அப்பில் ஒட்டினால் முடிந்தது என்று நமக்கும் தோன்றும். இந்தக் கோரிக்கையைப் பெரும்பாலும் மறுத்துவிட வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் கிடைப்பது வெறும் இணைப்பு வரி மட்டும். நாம் தரும் எச்டிஎம்எல் சரத்தை லீஃப்லெட் என்ற வரைபட நூலகம் இன்னர்எச்டிஎம்எல் வழியாகச் செருகுகிறது. அப்படி உள்ளே போன ஸ்கிரிப்டை எந்த உலாவியும் இயக்காது; விதியே அப்படி. எனவே விட்ஜெட் ஸ்கிரிப்டைப் பக்கத்தில் ஒருமுறை ஏற்றிவைத்து, பாப்-அப் திறக்கும் நிகழ்வைப் பிடித்து, உள்ளே இருக்கும் உறுப்பை அதனிடம் கொடுத்து நிரப்பச் சொல்ல வேண்டும். நிரம்பியதும் அடுத்த தலைவலி. திறந்த கணத்தில் பெட்டிக்குள் இருந்தது ஒற்றை வரி. அந்த உயரத்துக்கு ஏற்ப வரைபடம் நகர்ந்து நின்றாயிற்று. பதிவுகள் வந்து சேர்ந்ததும் பெட்டி மேல்நோக்கி வளரும், மூடும் பொத்தானோடு திரைக்கு வெளியே போய்விடும். அகலமும் மாறினால் கூர்முனை புள்ளியை விட்டு விலகி நிற்கும். பாப்-அப்பின் அப்டேட் செயற்கூறை மறுபடி அழைக்க வேண்டும், அல்லது நீள அகலத்தை முன்பே கட்டிப்போட வேண்டும். லீஃப்லெட் பாப்-அப்பின் இயல்பான உச்ச அகலம் 300 பிக்சல். அதற்குள் உருளும் பீட், அதாவது கணக்கின் பதிவு வரிசை. கைபேசியில் விரலை இழுத்தால் நகரப்போவது பீட்டா வரைபடமா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

இவை ஒரு மதியப் பொழுதில் சரிசெய்துவிடக் கூடியவை. பீட் ஒரு கணக்குக்கு உரியது, பாப்-அப் ஓர் இடத்துக்கு உரியது என்ற பொருத்தமின்மைக்குத்தான் நிரலில் மருந்தில்லை. நிவாரண முகாம்களைக் காட்டும் வரைபடத்தில் எந்த மார்க்கரைத் தொட்டாலும் வாடிக்கையாளர் கணக்கின் பீட்டில் அதே ஆணையர் அதே மரக்கன்றை நட்டுக்கொண்டிருப்பார். இடத்தை வைத்து வடிகட்டலாம் என்றால், பதிவோடு துல்லியமான இருப்பிடம் சேர்க்கும் வசதியை நீக்கப்போவதாக ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) 2019 ஜூனிலேயே அறிவித்துவிட்டது. அதற்கு முன்பும் அதைப் பயன்படுத்தியவர்கள் சொற்பம்.

அடுத்தவர் விட்ஜெட்டை நம்பி வீடு கட்டுவதன் விலையும் தெரிந்ததே. 2020 அக்டோபர் 24 முதல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளை, முகவரியை மட்டும் ஒட்டி, டோக்கன் இல்லாமல் உட்பொதிக்க முடியாமல் போனது. வேர்ட்பிரஸ் அந்த வசதியையே கழற்றிவிட்டது. 2023 நடுவில் எக்ஸ் செய்தது அதைவிட ஆபத்தானது. லாகின் செய்யாதவருக்குக் கணக்குப் பக்கம் காலவரிசையில் வருவது நின்றது. பதித்துவைத்த பீட்கள் பல தளங்களில் வெற்றுப் பெட்டியாகவோ பழைய பிரபலப் பதிவுகளாகவோ நின்றன. காலிப் பெட்டியால் கெடுதல் குறைவு. மழை நாளில் போன வருடத்து எச்சரிக்கையைக் காட்டும் பெட்டி, பார்ப்பவரைத் தவறான தெருவுக்கு அனுப்பிவிடும்.

ஜகார்த்தாவில் 2014 டிசம்பரில் தொடங்கிய பெத்தாஜகார்த்தா திட்டம் இதே சமூக ஊடகத்தைத்தான் நம்பியது, ஆனால் கையாண்ட விதம் வேறு. வெள்ளத்தைக் குறிக்கும் 'பன்ஜிர்' என்ற சொல் வந்த ட்வீட்டுகளை அது கவனித்தது. எழுதியவருக்குத் தானாகவே பதில் அனுப்பி, இருப்பிடத்தோடு உறுதிசெய்யச் சொன்னது. உறுதிசெய்தால் அந்தத் தகவல் அதன் சொந்தத் தரவுதளத்தில் ஒரு புள்ளியாக ஏறியது. பெருக்கெடுக்கும் பீட்டில் இருந்து நேரமும் இடமும் உள்ள ஒரு பதிவைப் பிரித்தெடுக்கும் உழைப்பு அது. விட்ஜெட் ஒட்டுவதில் நாம் தப்பித்துக்கொள்ள நினைப்பது அந்த உழைப்பிலிருந்துதான்.

ஆகவே வாடிக்கையாளர் வற்புறுத்தினால் இப்படிச் செய்யலாம்: அவருடைய சொந்தப் பதிவுகளில் அந்த இடத்துக்குரிய ஒன்றைத் தேர்ந்து, அதன் உரையையும் வெளியான நேரத்தையும் நம் தரவிலேயே வைத்து, மூலத்துக்கு இணைப்பு தரலாம். நேரம் உரைக்கு மேலே இருக்கட்டும். கீழே சாம்பல் எழுத்தில் வைத்தால் யாரும் படிப்பதில்லை. பொதுமக்களின் பதிவுகளை இப்படிச் சேமிக்கக் கூடாது. அவர்கள் நீக்கிய பின்னும் நம்மிடம் அது கிடக்கும்.

ஒரு மார்க்கருக்கென்றே தனிக் கணக்கு இருந்தால், ஓர் அருங்காட்சியகம், ஊர் சுற்றும் ஓர் உணவு வண்டி என்றால், பீட்டுக்கு நியாயம் உண்டு. அப்போதும் பாப்-அப் திறந்தவுடன் ஏற்ற வேண்டாம். 'பதிவுகளைக் காட்டு' என்று ஒரு பொத்தான் வைத்து, அழுத்தினால் மட்டும் ஏற்றுங்கள். லைக் பொத்தானைப் பதித்திருந்த ஃபேஷன் ஐடி என்ற ஜெர்மன் ஆடைக் கடையின் வழக்கில், பார்வையாளர் எதையும் அழுத்தாமலேயே அவர் தரவு ஃபேஸ்புக்குக்குப் போனதற்குக் கடையும் கூட்டுப் பொறுப்பாளி என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஐரோப்பியர் பார்க்கும் வரைபடம் செய்பவர்கள் இதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது நல்லது.