உப்பு வரப்பும் ஒளித்துவைத்த பெட்டியும்

கைப்பேசியின் ஜி.பி.எஸ். காட்டும் இடத்தைத் தேடிச் சென்று, ஒருவர் மறைத்துவைத்த பெட்டியைக் கண்டெடுத்து, உள்ளிருக்கும் ஏட்டில் பெயரெழுதி, அங்கேயே திரும்ப வைத்துவிடுவது 'ஜியோகேச்சிங்' விளையாட்டு. 2000 மே மாதம் அமெரிக்காவில் தோன்றியது. அடுத்தவருக்காக விட்டுவைப்பதால், அமானிதம் பேணும் பயிற்சியாகவே இதனைக் காண்கிறேன்.

ஆயினும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களின் அழகில் மயங்கி, அவ்வரப்புகளில் பெட்டி ஒளிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். அது வெற்று நிலமன்று; தொழிலாளர் வெயிலில் மிதித்துச் சமன்செய்த பாத்தி. நம் கால் பட்டால் வரப்பு சரியும். சேறு கலந்து உப்பு கெடும். நிலத்துக்குரியவரின் அனுமதி பெறுவது அவ்விளையாட்டின் விதியும்கூட. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பிறர் உழைப்பிற்கு நாமே இடையூறாகலாமா?