3 நாளுக்கு ஒரு நகர்வு

போன மாதம், காலை நிகழ்ச்சியில் இரண்டு பாட்டுக்கு நடுவே கைப்பேசியை எடுத்து அவசரமாகத் தட்டினேன். குதிரை போய்விட்டது. ஜெயிக்க வேண்டிய ஆட்டம்!

அந்தக் காலத்தில் அஞ்சலட்டையில் ஆடிய சதுரங்கம் இப்போது இணையத்தில். நான் ஆடும் போட்டியில் ஒரு நகர்வுக்கு 3 நாள் அவகாசம். பிரிவில் 6 பேர், ஒவ்வொருவரோடும் 2 ஆட்டம். ஒரே நேரத்தில் 10 பலகை. முதல் தடவை கடைசியாக வந்தேன். இந்தத் தடவை இரண்டாம் சுற்று.

தொடக்க ஆட்டப் புத்தகங்களைப் புரட்டலாம். மென்பொருளிடம் நகர்வு கேட்கக்கூடாது. அனைத்துலக அஞ்சல் சதுரங்கச் சம்மேளனம் அதையும் அனுமதிக்கிறது. அங்கே உச்சநிலை ஆட்டங்கள் பெரும்பாலும் சமநிலையில்தான் முடிகின்றன. தோற்கும் இரவுகளில் எனக்கும் ஆசை வரும். இதுவரை திறக்கவில்லை.

என் வியாதி வேறு. வானொலியில் 3 வினாடி மௌனம் விழுந்தாலே பதறுவோம். அந்தப் பழக்கம் பலகையிலும் விரலைத் தள்ளுகிறது. அதனால் இப்போது நகர்வைத் தாளில் எழுதி, ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் பார்த்த பிறகே அனுப்புகிறேன். தாளோடு செத்த நகர்வுகள் ஏராளம்.

இந்தச் சுற்றின் கடைசி ஆட்டம் சாப்பாட்டு மேசையில் மரக்காய்களோடு நிற்கிறது. இன்னும் 2 நாள் இருக்கிறது.

“எப்படா மேசையைக் காலி பண்ணுவே?” என்கிறார் அம்மா.