கீழாநெல்லிக்கு முன்னால்

திருத்தணியில் 365 படிகளையும் அசராமல் ஏறுகிற பெரியவர், “சுகர் வந்துடுச்சு, அதான் இளைச்சுட்டேன்” என்று வேட்டியை இறுக்கிக் கட்டுகிறார். ஐம்பதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை, கூடவே எடையும் குறைகிறதென்றால் கணையத்தில் புற்றுநோய் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலும் வெறும் சர்க்கரைதான், ஆனாலும். அதேபோல், வலியில்லாமல் கண் மஞ்சளாகி, உடம்பு அரித்து, மலம் வெளுத்தால் நம் வீடுகளில் முதலில் அரைபடுவது கீழாநெல்லி. கணையக் கட்டி பித்தக்குழாயை அடைத்திருந்தால் பாவம், அது என்ன செய்யும்? சாதாரண வயிற்று ஸ்கேனில் வாயு மறைத்துக் கணையம் தப்பிவிடும். சிடி ஸ்கேன் வேண்டும், சந்தேகமென்றால் எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்டும். சிஏ 19-9 ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது, அது வெறும் பித்த அடைப்பிலும் எகிறும். கோவா முதல்வராக இருந்த மனோகர் பாரிக்கருக்குக் கணையப் புற்றுநோய் 2018-ல் தெரிந்தது. 2019 மார்ச்சில் போய்விட்டார். ஆகவே தள்ளிப்போடாமல் பரிசோதித்துவிடுங்கள், பெரியவரே; சென்னைக்குத் திருத்தணியிலிருந்தே மின்சார ரயில் போகிறது.