ஊசி ஒன்றுதான், சீட்டுத்தான் வேறு!

பெண்ணுக்கு லண்டனில் தலைப் பிரசவம். தாயார் இருப்பதோ மயிலாப்பூரில். இரண்டு தவணை கோவிஷீல்டு ஊசியும் போட்டுக்கொண்டாயிற்று. லேகியம் கிளறி டப்பாவில் அடைத்தாயிற்று. விமானம் ஏறவேண்டியதுதான் பாக்கி. 2021 செப்டம்பரில் இந்த நிலையில் இருந்த மாமிகள் நம் சென்னையில் எத்தனையோ பேர்.

அப்போதுதான் வந்தது சங்கடம். அக்டோபர் 4 முதல் இங்கிலாந்தில் புது விதி. அதன்படி, இந்தியாவில் ஊசி போட்டுக்கொண்டவர்களும் போடாதவர்கள் கணக்கில்தான் சேர்த்தி. அங்கே போய் இறங்கியதும் பத்து நாள் தனியாக இருக்கவேண்டும். பேரக்குழந்தை ஓர் அறையில், பாட்டி இன்னோர் அறையில்!

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கோவிஷீல்டு வேறு யாருடைய மருந்தோ அல்ல. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் உருவாகி, நம் புனாவில் தயாரானது. செப்டம்பர் 22-ஆம் தேதி மருந்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சீட்டை ஒப்புக்கொள்ளவில்லை! நமது 'கோவின்' சீட்டில் வயது இருந்தது, முழுப் பிறந்த தேதி இல்லை என்பதும் பேச்சில் அடிபட்டது. வெளிநாடு போகிறவர்களுக்காக அதையும் சேர்த்துக் கொடுக்க ஏற்பாடாயிற்று. நம் சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. அங்கிருந்து இங்கே வருகிறவர்களுக்கும் அதே பத்து நாள் என்று விதித்தது. கடைசியில் அக்டோபர் 11 முதல் பாட்டிமார்களுக்கு வழி பிறந்தது.

ஊசி குத்தியது உண்மை. மருந்தும் நல்ல மருந்து. பிறகு ஏன் இத்தனை பாடு? பாங்கியில் நம் கையெழுத்து மாதிரி இருந்தால்தானே செக்குக்குப் பணம் கொடுப்பார்கள்? அது போலத்தான். சீட்டில் இருக்கிறதே கறுப்புக் கட்டம், அதற்குள் அதைக் கொடுத்த தேசத்தின் மின்னணுக் கையெழுத்து இருக்கிறது. அந்தக் கையெழுத்தின் மாதிரி எதிர்த் தேசத்திடம் இல்லாவிட்டால், கட்டம் வெறும் கோலந்தான்.

பழைய மஞ்சள் அட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்குப் போகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு, முத்திரை குத்திய அட்டை வாங்கிப்போகிறார்களே, அந்த அட்டையின் வாசகத்தை உலக நாடுகள் முன்கூட்டியே கூடிப் பேசி வைத்திருக்கின்றன. அதனால் கிண்டி முத்திரை கென்யாவிலும் செல்லுகிறது. 2016 முதல் அது ஆயுள் முழுவதும் செல்லும் என்றும் ஆகிவிட்டது. காகிதமா, கைப்பேசியா என்பதல்ல விஷயம். முன்கூட்டிய உடன்பாடுதான் விஷயம்.

இந்தப் பாடத்தை உலகம் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறது. 2023 ஜூனில் ஐரோப்பிய நாடுகளின் முறையை ஆதாரமாகக்கொண்டு, உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு பொது ஏற்பாட்டைத் துவக்கியது. அது நம் பெயரையோ வியாதியையோ சேகரிப்பதில்லை. தேசங்களின் கையெழுத்து மாதிரிகளை மட்டும் பரிமாறிக்கொள்ள உதவுகிறது. நல்ல காரியம். நம் உடம்பின் விவரம் ஊரெல்லாம் சுற்றவேண்டிய அவசியம் என்ன? அதே ஆண்டு ஆகஸ்டில் காந்தி நகரில் ஜி-20 மந்திரிகள் கூடியபோதும், மின்னணு சுகாதார ஏற்பாடுகளில் தேசங்கள் ஒத்துழைப்பதற்கென்று ஒரு திட்டம் துவக்கப்பட்டது.

பெரியவர்கள் பேசட்டும், நாம் செய்யவேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. நம் வீடுகளில் பெயர்க் குழப்பம் சகஜம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், ஆதாரில் இனிஷியல், ஊசிச் சீட்டில் அகத்துக்காரர் பெயர்! மூன்றையும் இன்றே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஊசிச் சீட்டைக் காகிதத்திலும் ஒரு பிரதி எடுத்து, பாஸ்போர்ட்டுடன் பீரோவில் வையுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியானால் பிரயாணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ளவேண்டும். அதற்கு முன் அட்டை செல்லாது.

இன்னொன்று. கைப்பேசியைத் தொடவே அஞ்சும் பாட்டி எந்த வீட்டிலும் உண்டு. எத்தனை புது முறை வந்தாலும், கையில் ஒரு காகிதத்தோடு வருகிற அந்தப் பாட்டியையும் உள்ளே விடுகிற முறைதான் நல்ல முறை. லேகிய டப்பாவுடன் அவள் வருவதற்காக அங்கே ஒரு பெண் வழி பார்த்துக்கொண்டிருக்கிறாள் அல்லவா?