வெண்புள்ளியும் மீன் பேனும்: பெயரைக் கொண்டு மருந்திடலாமா?

மீன் தொட்டியில் நோய் கண்டவுடன் நாம் முதலில் செய்வது அதற்கு ஒரு பெயரைச் சூட்டுவது. அடுத்துச் செய்வது, அந்தப் பெயரைச் சொல்லிக் கடையில் மருந்து வாங்குவது. இவ்விரண்டுக்கும் நடுவே செய்ய வேண்டிய காரியம் ஒன்று விடுபட்டுப் போகிறது. மீனின் தோலிலிருந்து ஒரு துளி சளியை எடுத்து உற்றுப் பார்ப்பதே அது. இக்குறைக்கு மீன் வளர்ப்போர் மட்டும் பொறுப்பாளிகள் அல்லர். பெயர்களைத் தமிழில் ஆக்கித் தரும் என் போன்றோருக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். என் பங்கை நானே கூறி விடுகிறேன்.

நான் பெங்களூரில் பிரேசர் டவுனில் குடியிருப்பவன். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு குளிர்காலத்தில், அருகிலுள்ள பள்ளி ஒன்றின் விஞ்ஞான ஆசிரியர் என்னைத் தேடி வந்தார். அவருடைய வகுப்பறைத் தொட்டியில் பன்னிரண்டு தங்க மீன்கள் இருந்தன. அவற்றின் உடலிலும் துடுப்புகளிலும் ரவையைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. அதற்கு முன்பு நான் மொழிபெயர்த்திருந்த ஒரு கட்டுரையை அவர் படித்திருந்தார். அதில் வெண்புள்ளிகளை உண்டாக்கும் இக்தியோப்திரியஸ் என்னும் உயிருக்கு நான் ‘மீன் பேன்’ என்று எழுதியிருந்தேன். அகராதியைப் பார்த்தால் அது பிழையன்று. கிரேக்க மொழியில் இக்திஸ் என்பது மீன்; ப்தெய்ர் என்பது பேன். அதனுடன் சேர்த்து வழங்கும் மல்டிபிலீஸ் என்ற இலத்தீன் சொல், மக்கள் பலரைப் பெற்றது என்று பொருள்படும். ஃபூகே என்பவர் 1876-ம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் எழுதிய குறிப்பில் இட்ட பெயர் இது.

ஆனால் அந்த உயிர் பேனும் அன்று, பூச்சியும் அன்று. ஒற்றை உயிரணுவாலான நுண்ணுயிர் அது. நம் மீன் பண்ணைகளில் மீன் பேன் என்றால் ஆர்குலஸ் என்ற, கண்ணுக்கு நன்கு தெரியும், தட்டையான, நண்டு இறால் இனத்தைச் சேர்ந்த பிராணியையே குறிக்கும். ஆசிரியர் கடைக்குப் போய் ‘மீன் பேனுக்கு மருந்து’ என்று கேட்டார். கடைக்காரரும் சரியாகவே மீன் பேனுக்கு உரிய மருந்தைக் கொடுத்தார். ஓட்டைக் கழற்றி வளரும் உயிர்களுக்குப் புது ஓடு உண்டாகாமல் தடுக்கும் மருந்து அது. ஓடே இல்லாத நுண்ணுயிரை அது என்ன செய்யும்? ஐந்து நாட்களில் ஒன்பது மீன்கள் மாண்டன. மருந்து அவற்றைக் கொல்லவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று நம்பிக் காத்திருந்த நாட்களே கொன்றன. “மீன் பேன் என்று நீங்கள்தானே சார் எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேட்டார் ஆசிரியர். அவர் குரலில் கோபம் சிறிதும் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

இக்குழப்பம் ஒரு சொல்லோடு நிற்பதன்று. நங்கூரப் புழு என்று வழங்கும் லெர்னியா புழுவே அன்று. அதுவும் நண்டு இறால் இனத்தின் தூரத்து உறவே. வெண்புள்ளி நோய் என்ற பெயரோ இன்னும் மோசம். 1990-களின் நடுவில் நம் கிழக்குக் கரையோர இறால் பண்ணைகளை அழித்தது ஒரு வைரஸ் நோய். அதற்கும் தமிழில் வெண்புள்ளி நோய் என்றே பெயர். அதற்கு மருந்து கிடையாது. தங்க மீனின் வெண்புள்ளி நோயோ குணப்படுத்தக் கூடியது. கடலோர மாவட்டத்தில் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர், உள்நாட்டுக்கு மாற்றலாகி வந்து, வெண்புள்ளி என்றதும் கையை விரித்து விடுவாரானால் அவர் மீது குற்றம் சொல்ல இயலாது.

இனி அந்த நுண்ணுயிரின் வாழ்க்கையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். சிகிச்சையின் முறை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. நாம் காணும் ஒவ்வொரு வெண்புள்ளியும் மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து தின்று கொழுத்த ஒரு நுண்ணுயிர். அது தோலின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை, தோலுக்குள் இருக்கிறது. ஆதலால் நீரில் கலக்கும் மருந்து பெரும்பாலும் அதைத் தீண்டுவதில்லை. முற்றிய பின் அது மீனை விட்டு உதிர்ந்து, தொட்டியின் அடியிலோ செடியின் மீதோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஓர் உறையை அமைத்துக் கொள்கிறது. அவ்வுறைக்குள் பிரிந்து பிரிந்து, பல நூறு குஞ்சுகளாகி வெளியேறுகிறது. ‘மக்கள் பலரைப் பெற்றது’ என்று ஃபூகே சொன்னது இதனால்தான். இக்குஞ்சுகள் சுமார் இரண்டு நாட்களுக்குள் ஒரு மீனைக் கண்டடைய வேண்டும். இல்லையேல் இறந்து போகும். மருந்துக்கு இவை அகப்படுவது நீந்தித் திரியும் இந்தச் சிறு பொழுதில் மட்டுமே.

எனவே மருந்திட்ட மறு நாளே புள்ளிகள் மறைந்தால், மருந்து பலித்து விட்டது என்று மகிழ்வது பேதைமை. முற்றியவை உதிர்ந்திருக்கின்றன, அவ்வளவே. சில நாட்களில் முன்னிலும் பன்மடங்காகத் திரும்பி வரும். மருந்தை மறுபடி மறுபடி இட வேண்டும். எத்தனை நாள் இடவேண்டும் என்பது நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. 24 முதல் 26 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் இந்தச் சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடிந்து விடும். 15 டிகிரி அளவில் ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். 10 டிகிரிக்குக் கீழே ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். சென்னைக் கொளத்தூரில் அலங்கார மீன்களை வளர்த்து விற்போர் தம் அனுபவத்தால் கூறும் ஒரு வாரக் கணக்கு அந்த ஊருக்குச் சரி. மார்கழி, தை மாதங்களில் பெங்களூர்த் தொட்டிகளின் நீர் 20 டிகிரி அளவுக்கு இறங்குவது சாதாரணம். அங்கே எழுதிய மருந்துச் சீட்டை இங்கே அப்படியே பின்பற்றினால், நோய் பாதி வழியில் இருக்கும்போதே சிகிச்சை நின்று போகும். கள ஊழியர்கள் வெப்பமானி ஒன்றை எப்போதும் உடன் வைத்திருப்பது நலம்.

ஆர்குலஸின் கதை வேறு. அது சில மில்லிமீட்டர் அளவுள்ளது, தட்டையானது, இரண்டு உறிஞ்சு வட்டங்களால் மீனைப் பற்றிக் கொள்ளும், மீனை விட்டு மீனுக்கு நீந்திச் செல்லும். முட்டைகளை மீனின் மீது இடாமல், கல், கண்ணாடி, மரம் போன்ற கெட்டியான பரப்புகளில் வரிசையாக இடும். பண்ணைக் குளங்களில் மூங்கில் தட்டிகளை நீரில் நட்டு வைத்து, சில நாட்களுக்கு ஒரு முறை எடுத்து வெயிலில் காய வைப்பது இதனால்தான். பேனே தேடி வந்து தட்டியில் முட்டையிடும். வெயில் அதை அழிக்கும். செலவில்லாத இம்முறை மருந்துப் புட்டியைக் காட்டிலும் எனக்கு மிகவும் உவப்பானது. லெர்னியாவின் பெண் தலையை மீனின் தசைக்குள் நங்கூரம் போலப் பாய்ச்சி, நூல் போன்ற உடலை வெளியே தொங்க விடும். நுனியில் இரண்டு முட்டைப் பைகள் காணப்படும். இடுக்கியால் வெடுக்கென்று இழுத்தால் தலை உள்ளேயே தங்கிப் புண்ணாகும். நீரில் திரியும் இளம் பருவத்தை அழிக்காமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பிடுங்கிக் கொண்டிருப்பது வீண் வேலை.

தோலில் ஒட்டும் தட்டைப் புழுக்களில் ஜைரோடாக்டைலஸ் என்பது குட்டி போடும் இனம். தாயின் வயிற்றுள் குட்டி, அக்குட்டியின் வயிற்றுள் மற்றொரு குட்டி என்று இருப்பதை மைக்ராஸ்கோப்பில் காணலாம். மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல காட்சி அரிது. இதன் உறவினமாகிய டாக்டைலோஜைரஸ் பெரும்பாலும் செவுள்களில் வாழ்ந்து முட்டையிடும்; முட்டையை மருந்து கொல்லாது. ஆகவே முன்னதற்கு ஒரு முறை சரிவர மருந்திட்டால் போதுமாகலாம். பின்னதற்கு முட்டை பொரிந்த பின் மீண்டும் இட வேண்டும். இப்புழுக்களை அற்பமென்று நினைத்தல் ஆகாது. 1970-களில் வெளியிலிருந்து கொண்டு வந்த மீன்களோடு நார்வே நாட்டுக்குள் நுழைந்த ஜைரோடாக்டைலஸ் இனம் ஒன்று, ஆறு ஆறாகப் பரவி சால்மன் மீன்களை அழித்தது. அதை ஒழிப்பதற்காக முழு ஆறுகளிலும் நஞ்சைக் கலந்து, இருந்த மீன்களையெல்லாம் அவர்களே கொல்ல நேர்ந்தது.

சோதிக்கும் முறை கடினமானதன்று. கையை நனைத்துக் கொண்டு மீனைப் பிடிக்க வேண்டும். மூடு கண்ணாடித் துண்டின் விளிம்பால் தலைப்பக்கமிருந்து வால்பக்கமாக மெல்ல ஒரு முறை வழித்தால் சிறிது சளி வரும். அதை அதே தொட்டியின் நீர்த் துளியோடு சேர்த்து, உடனே மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும். குழாய் நீர் ஆகாது. செத்து நெடு நேரமான மீனும் ஆகாது. ஒட்டுண்ணிகள் அதை விட்டுப் போயிருக்கும். நூறு மடங்கு பெருக்கம் போதும். மெதுவாக உருளும் பெரிய உருண்டை, அதனுள் குதிரை லாடம் போல வளைந்த உட்கரு என்றால் அது வெண்புள்ளி நுண்ணுயிர். பல் சக்கரம் போலச் சுழல்வது ட்ரைகோடினா. அசையாத, பொன் பழுப்பு நிறமான பேரிக்காய் வடிவம் பிசினூடினியம். மீனின் மீது பொற்றூள் தூவியது போலத் தோன்றுவது இதனால்தான். இதற்குத் தாவரங்களைப் போலப் பச்சையம் உண்டு. ஆகையால் மருந்தோடு தொட்டியை இருட்டாக்கி வைப்பதும் உதவும்.

நோயே இல்லாததை நோய் என்று கொள்வதும் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்க மீனின் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் ஓரத்திலும் வெள்ளை முத்துக்கள் அரும்பும். இது ஆண்மையின் அடையாளம். இதற்கு மருந்திட்டவர்களை நான் அறிவேன். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிப்பதும் எப்போதும் ஒட்டுண்ணியால் அன்று. 2016-ம் ஆண்டு மார்ச் மாதம், எங்கள் பகுதிக்கு அண்மையிலுள்ள அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவு நீர் கலந்து பிராணவாயு குன்றியதே காரணமாகக் கூறப்பட்டது. முதலில் நீரைப் பார்க்க வேண்டும். பிறகு தோலைப் பார்க்க வேண்டும்.

மருந்தின் அளவைக் கண் மதிப்பாக இடுவது நம்மிடையே பரவியுள்ள கெட்ட பழக்கம். தொட்டியின் நீளம், அகலம், நீரின் உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60, 30, 30 என்றால் 54 லிட்டர். வெண்புள்ளிக்குப் பள்ளிகளில் நான் சிபாரிசு செய்வது சாதாரண உப்பையே. லிட்டருக்கு 3 கிராம் வீதம் 162 கிராம் உப்பை, வேறு பாத்திரத்தில் கரைத்து, இரண்டு நாட்களில் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். தங்க மீன் இதைத் தாங்கும். நீர்ச் செடிகளும் சில கெளுத்தி இனங்களும் தாங்கா. அவற்றை அப்புறப்படுத்திக் கொள்ள வேண்டும். நீரை 30 டிகிரிக்குச் சூடாக்குவதும் பயன் தரும்; ஆனால் சூடான நீரில் பிராணவாயு குறைவு என்பதால் காற்றுக் குழாய் ஓயாது இயங்க வேண்டும். சாயம் கலந்த மருந்துகளை இடும்போது வடிகட்டியிலுள்ள கரியை எடுத்து விடாவிட்டால் கரி மருந்தை உறிஞ்சி விடும். மாலகைட் பச்சை, பார்மலின் ஆகிய இரண்டும் வலிமையுள்ளவை என்பது மெய். ஆயினும் அவை மனிதர்க்கும் தீங்கானவை. சிறுவர்கள் கை வைக்கும் தொட்டியருகே அவை வரவே கூடாது என்பேன். உண்ணும் மீனுக்கு மாலகைட் பச்சையை எக்காரணம் பற்றியும் இடலாகாது.

புதிய மீனைத் தனியே வைத்திருப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1898-ம் ஆண்டில் பெங்களூரில் பிளேக்கு நோய் பரவிய பின், நெருக்கமின்றிக் காற்றோட்டமாக அமைக்கப்பட்ட குடியிருப்பே எங்கள் பிரேசர் டவுன். கூட்டமும் புதிய வரவும் நோய்க்கு வழி என்பதை இங்குள்ளோர்க்கு விளக்கத் தேவையில்லை. மூன்று வாரம் தனிப் பாத்திரம். குளிர் காலத்தில் நான்கு வாரம்.

பெயர்களின் பிரச்சினைக்கு வருவோம். இலத்தீன் பெயர்களை மட்டுமே வழங்கி விட்டால் குழப்பம் தீரும் என்று அறிஞர் சிலர் வாதிடுவர். நான் ஒப்புக்கொள்ளேன். இலத்தீன் பெயரே இங்கே பேன் என்று பொய் சொல்லியிருக்கிறதே! ஊரில் வழங்கும் பெயரை நாம் எழுதாவிட்டால், ஊர் அதைச் சொல்வதை நிறுத்தி விடாது. நம் கட்டுரையைப் படிப்பதைத்தான் நிறுத்தும். ஆகவே ஊர்ப் பெயரையே எழுதுவோம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் பக்கத்தில், அது நுண்ணுயிரா, ஓட்டுடலியா, புழுவா, வைரஸா என்பதையும், மீனை விட்டால் அது எங்கே வாழும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்து எழுதுவோம். 2013-ம் ஆண்டில் தொடங்கிய நீர்வாழ் உயிரின நோய்க் கண்காணிப்புத் தேசியத் திட்டத்துக்கும், 2023-ல் மீன் நோய்களைத் தெரிவிப்பதற்கென வெளியிடப்பட்ட கைப்பேசிச் செயலிக்கும் செய்தி களத்திலிருந்தே செல்ல வேண்டும். ‘வெண்புள்ளி’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், படிப்பவர் இறாலைக் கருதுவாரா, மீனைக் கருதுவாரா?

என் பிழைக்குத் திருத்தம் அடுத்த இதழிலேயே இரண்டு வரிகளில் வெளியாயிற்று. பழைய இதழைத் தைத்து வைத்திருக்கும் பள்ளிகளில் அந்தப் பக்கம் அப்படியேதான் இருக்கிறது. அவ்விதழை வைத்திருப்போர் ‘மீன் பேன்’ என்பதை மையால் அடித்து, ‘வெண்புள்ளி நுண்ணுயிர்’ என்று மேலே எழுதிக் கொள்ளுமாறு வேண்டுகிறேன். மேலும் தத்தம் வட்டாரங்களில் இவ்வொட்டுண்ணிகளுக்கு வழங்கும் பெயர்களை எங்களுக்கு எழுதி அனுப்பலாம். ஆர்குலஸ், லெர்னியா போன்ற கண்ணுக்குத் தெரிபவற்றை 70 சதவிகித ஆல்கஹாலில் இட்டு, மீனின் பெயர், ஊர், தேதி, நீரின் வெப்பம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டுடன் மாவட்ட மீன்வள அலுவலகத்தில் ஒப்படைக்கலாம். வெண்புள்ளி நுண்ணுயிரை அவ்வாறு புட்டியில் அனுப்புதல் இயலாது. மைக்ராஸ்கோப்பில் கண்டபடி வரைந்த படம் போதும்.