சுளிக்காத முகத்தின் விலை

முகச் சுருக்கம் போக்கும் ஊசிகளுக்குள் வித்தியாசம் உண்டு. ஆனால் அது விளம்பரங்கள் காட்டும் இடத்தில் இல்லை.

களியக்காவிளையைத் தாண்டியதும் கடைகளின் பெயர்ப் பலகைகள் மலையாளத்துக்கு மாறிவிடுகின்றன. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் தங்கிவிட்டன. ஆனாலும் சில சொற்களை அந்தக் கோட்டால் பிரிக்க முடியவில்லை. பிடிக்காததைக் கண்டால் தமிழர் முகம் சுளிக்கிறார். முகத்தில் விழும் சுருக்கத்துக்கு மலையாளியும் ‘சுளிவு’ என்றே சொல்கிறார்.

மொழி அறிந்ததைத்தான் மருத்துவமும் சொல்கிறது. பல ஆண்டுகள் சுளித்த முகத்தில் சுருக்கம் விழுகிறது. புருவங்களை நடுவில் இழுக்கும் தசை சுருங்கும்போதெல்லாம் மேலே உள்ள தோல் மடிகிறது. இளமையில் மடிப்பு உடனே மறைந்துவிடும். நாற்பதை நெருங்கும்போது தங்கிவிடும். வெயிலும் சிகரெட்டும் அதை இன்னும் விரைவுபடுத்தும்.

அந்தத் தசையைத் தற்காலிகமாகத் தூங்க வைப்பதுதான் ‘போட்டாக்ஸ்’ ஊசியின் வேலை. ஒரு காலத்தில் சினிமா நட்சத்திரங்களின் ரகசியம்; இன்று கல்யாணப் பெண்ணின் அம்மாவும் விசாரிக்கும் விஷயம். எல்லையோரக் கிராமத்துக்காரருக்கு வடக்கே திருவனந்தபுரம், தெற்கே மார்த்தாண்டம், நாகர்கோவில். பஸ் ஏறினால் ஏதாவது ஒரு சரும கிளினிக் கண்ணில் படும். விசாரிப்பவர் கேட்கும் முதல் கேள்வி: எந்த ஊசி நல்லது?

எல்லாமே ஒரே நஞ்சின் பிள்ளைகள் என்பதுதான் முதல் பதில். கெட்டுப்போன உணவில் வளரும் பாக்டீரியா ஒன்று சுரக்கும் பொட்டுலினம் நஞ்சு, மனிதன் அறிந்த விஷங்களிலேயே மிகக் கடுமையானது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் ரசாயனச் செய்தியை அது தடுத்துவிடுகிறது. மிக மிக நுண்ணிய அளவில் அதையே மருந்தாக்கியவர் சான்பிரான்சிஸ்கோ கண் டாக்டர் ஆலன் ஸ்காட். 1970களின் பிற்பகுதியில் அவர் மாறுகண்ணைச் சரிசெய்ய அதைப் பயன்படுத்தினார். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1989இல் அனுமதித்ததும் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான்.

அழகுக்கு வழி திறந்தது தற்செயலாக. கனடாவின் வான்கூவர் நகரில் கண் டாக்டர் ஜீன் கருத்தர்ஸ் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டபோது, நோயாளியின் புருவ மத்தியில் இருந்த கோடுகளும் மறைந்தன. தோல் டாக்டரான அவரது கணவர் அலஸ்டேருக்கு அதன் அர்த்தம் உடனே புரிந்தது. இருவரும் 1992இல் ஆய்வை வெளியிட்டார்கள். புருவ மத்திக் கோடுகளுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 2002இல்.

இப்போது போட்டிக்குப் பல பெயர்கள். 2009இல் ‘டிஸ்போர்ட்’, 2011இல் ஜெர்மன் தயாரிப்பான ‘ஜியோமின்’, 2019இல் கொரியத் தயாரிப்பான ‘ஜூவோ’, 2022இல் ‘டாக்ஸிஃபை’ என்று ஒவ்வொன்றாக இதே கோடுகளுக்கு அமெரிக்க அனுமதி பெற்றன.

வித்தியாசங்கள் உண்டு. ஆனால் சிறியவை. போட்டாக்ஸ் வேலை செய்யத் தொடங்க மூன்று நான்கு நாட்கள் ஆகலாம். டிஸ்போர்ட் சற்று முந்திக்கொள்ளும் என்பார்கள். கொஞ்சம் அதிகமாகப் பரவும் என்றும் சொல்வார்கள். அகன்ற நெற்றிக்கு அது சாதகம், கண்ணருகே பாதகம். டிஸ்போர்ட்டில் பால் புரதம் கலந்திருக்கலாம். பசும்பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாது. ஜியோமினில் நஞ்சைச் சுற்றியிருக்கும் கூடுதல் புரதங்களை நீக்கியிருக்கிறார்கள். இவை எல்லாமே பெரும்பாலும் மூன்று முதல் நான்கு மாதங்கள் தாங்கும். டாக்ஸிஃபை மட்டும் சராசரியாக ஆறு மாதத்தை எட்டும் என்று சோதனைகளில் தெரிந்தது.

விளம்பரத்தில் ஏமாறும் இடம் ‘யூனிட்’. போட்டாக்ஸின் ஒரு யூனிட்டும் டிஸ்போர்ட்டின் ஒரு யூனிட்டும் ஒன்றல்ல. ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்தச் சோதனையில் அளந்து வைத்த அளவு அது. புருவ மத்திக்குப் போட்டாக்ஸ், ஜியோமின், ஜூவோ என்றால் 20 யூனிட். டாக்ஸிஃபை 40. டிஸ்போர்ட் 50. ஒரு பேச்சுக்கு, போட்டாக்ஸ் யூனிட்டுக்கு 300 ரூபாய், டிஸ்போர்ட் 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதி விலைக்கும் கீழே என்று தோன்றும். பெருக்கிப் பார்த்தால் முதலாவது 6,000 ரூபாய், இரண்டாவது 6,500. மொத்தச் செலவைக் கேட்காமல் யூனிட் விலையைக் கேட்பது, படியின் அளவு தெரியாமல் அரிசி விலை கேட்பது போல. அந்தச் செலவும் ஒரு முறையோடு முடிவதில்லை. நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு மூன்று தடவை.

அடுத்தது பனிக்கட்டி விவகாரம். போட்டாக்ஸ், டிஸ்போர்ட் குப்பிகள் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். திறக்காத ஜியோமின் குப்பியை அறை வெப்பநிலையில் வைக்கலாம் என்பது அதன் பெருமை. ஆனால் அந்த ‘அறை’ ஜெர்மன்காரருடைய அறை. 25 டிகிரிக்கு மேல் ஆகாது. ஏப்ரல் மாத நெய்யாற்றின்கரையில் அப்படி ஓர் அறை ஏ.சி. இல்லாமல் கிடைக்காது. கரன்ட் போய் வரும் ஊரில் எந்தக் குப்பியானாலும் எங்கே, எப்படி வைத்திருந்தார்கள் என்ற கேள்வி அவசியம்.

கரைத்த மருந்தை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், ஒரு குப்பி ஒருவருக்கே என்பது போட்டாக்ஸ் குப்பியோடு வரும் குறிப்பு. ஒரு குப்பியைப் பலருக்குப் பங்கு போட்டுச் செலவைக் குறைப்பது பல இடங்களில் நடைமுறை. அளவுக்கு மேல் நீர் சேர்த்தால் வாடிக்கையாளருக்குத் தெரிய வழியில்லை. கோடு போகவில்லை என்றால் பழி விழுவது ஊசியின் பெயர் மீது.

ஊசி போட்டபின் தலைவலி, ரத்தக்கட்டு வரலாம். மருந்து தவறான இடத்துக்குப் பரவினால் ஒரு பக்க இமை தொங்கிவிடும். சில வாரங்களில் தானே சரியாகும். ஆனால் கல்யாண ஆல்பம் அதுவரை காத்திருக்காது. மலையாளத்தின் சிங்ஙமும் தமிழின் ஆவணியும் ஒரே மாதம். எல்லையின் இரு பக்கமும் முகூர்த்தங்கள் நிறைந்த மாதம். முழுப் பலன் தெரியவே இரண்டு வாரம் ஆகும் என்பதால், முந்தின வாரம் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. ஒரு மாதமாவது முன்னதாக வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், ‘மயஸ்தீனியா கிராவிஸ்’ போன்ற நரம்புத் தசை நோய் உள்ளவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது.

போடும் கை தவறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்கா 2004இல் பார்த்தது. ஃபுளோரிடாவில், லைசென்ஸ் முடக்கப்பட்ட ஒரு டாக்டர் ஆய்வுக்கூட நஞ்சை அழகு ஊசியாகப் போட்டார். அவர் உள்பட நான்கு பேர் உடல் செயலிழந்து செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார்கள். 2024இலும் அங்கே போலி போட்டாக்ஸ் குப்பிகளால் பலர் நோயுற்று, அரசு எச்சரிக்கை விட வேண்டி வந்தது.

எல்லையோரத்தில் இதில் ஒரு கூடுதல் சிக்கல். கிளினிக்குகளைக் கட்டுப்படுத்தக் கேரளத்தில் 2018ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் மாநிலத்துக்கு ஒன்று. பாறசாலைக்காரர் மார்த்தாண்டத்தில் ஊசி போட்டு இமை தொங்கினால் இந்தச் சட்டப்படியான புகாரைத் தமிழ்நாட்டில்தான் கொடுக்க வேண்டும். களியக்காவிளைக்காரர் நெய்யாற்றின்கரையில் போட்டுக்கொண்டால் கேரளத்தில். கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் தனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தால், படித்துச் சொல்லச் சொல்வது உரிமை. டாக்டரின் பதிவு எண், குப்பியின் பேட்ச் எண், காலாவதித் தேதி, இறக்குமதி மருந்தானால் இறக்குமதியாளர் பெயரும் உரிம எண்ணும், இவற்றைக் குறித்துக்கொண்டு பில்லும் வாங்கி வைத்தால் எந்தப் பக்கம் போனாலும் உதவும். பில் தர மறுக்கும் இடத்தில் முகத்தைக் காட்டாமல் திரும்புவது உத்தமம்.

பாறசாலையிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டும் திருவனந்தபுரத்தில்தான் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையமும் இருக்கிறது. அங்குள்ள நரம்பியல் பிரிவில் இதே நஞ்சு வேறு வேலை செய்கிறது. கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டவர்கள், இமை திறக்க முடியாமல் கண் இருந்தும் பார்வையற்றவர்போல் ஆனவர்கள், பேனா பிடித்தால் கை முறுக்கிக்கொள்பவர்கள். இவர்களுக்கு மூன்று மாத நிம்மதி என்பது மூன்று மாத வேலை, மூன்று மாதச் சம்பளம். அடிக்கடி, அதிக அளவில் போட்டுக்கொண்டால் அபூர்வமாகச் சிலர் உடலில் எதிர்ப்பொருள் உருவாகி மருந்து பலிக்காமல் போகிறது. அழகுக்காகப் போட்டவருக்கு நாளை இதே மருந்து நோய்க்குத் தேவைப்படலாம். அவசரமில்லாமல் இடைவெளி விடச் சொல்லும் டாக்டர் வியாபாரம் தெரியாதவர் அல்ல.

ஆக, எந்த ஊசி நல்லது என்ற கேள்விக்கு எல்லையின் இரு பக்கமும் ஒரே பதில்தான்: தேர்ந்த கையில் இருக்கும், சரியான குளிரில் வைத்த, கண்ணெதிரே திறந்த குப்பி. அது கிடைத்தால் பெயர் எதுவானாலும் பெரிய குறையில்லை. கிடைக்காவிட்டால் பழைய சுளிவே மேல். அதற்கு பில்லும் கிடையாது, காலாவதித் தேதியும் கிடையாது.