நகையை அடகு வைக்கும் முன்

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் கற்று ஆலையடிவேம்பு திரும்பும் பிள்ளையிடம், ‘எஸ்.ஏ.பி. படித்தால் கட்டாரில் வேலை’ என்று ஆசை காட்டுவோர் உளர். அதை நம்பித் தாயின் நகை அடகுக்குப் போகிறது.

ஐ.பி.எம்.மிலிருந்து விலகிய ஐவர் 1972இல் ஜேர்மனியில் தொடங்கிய நிறுவனம் எஸ்.ஏ.பி. கொள்வனவு, களஞ்சியம், கணக்கு, சம்பளம் அனைத்தையும் அதன் மென்பொருள் ஒன்றாகப் பிணைக்கிறது.

அதன் கடினம் கணனித் திரையில் இல்லை. வணிக ஒழுங்கில் இருக்கிறது. நெல் ஆலையொன்று ஆயிரம் மூடைக்குக் கட்டளை கொடுக்கிறது. களஞ்சியத்துக்கு வந்தவை 980. விற்றவரின் விலைப்பட்டியலோ ஆயிரத்துக்கு! மூன்றையும் ஒப்பிட்டுக் கொடுப்பனவை நிறுத்திவைப்பது மென்பொருளின் வேலை. ஏன் நிறுத்தியது என்பதை விளங்கிக்கொள்வதே கல்வி. அதற்கு இலட்சங்கள் எதற்கு? 2013 முதல் அந்நிறுவனமே இணையத்தில் இலவசப் பாடங்களைத் தந்துவருகிறதே!

சுயகற்கை மட்டும் போதும் என்போரும் பாதி உண்மையே பேசுகின்றனர். இயங்கும் அமைப்பொன்றில் பிழைவிட்டுத் திருத்தும் அனுபவம் பாடக்குறிப்பில் கிடைக்காது. பயிற்சிக்குக் காசு கொடுப்பதாயின் அதற்கே கொடுக்க வேண்டும்.

ஆகவே கேளுங்கள். ஆசிரியர் ஒரு நிறுவனத்திலேனும் இதை நிறுவியவரா? பயிற்சிக்கு இயங்கும் அமைப்பு உண்டா? கற்பிப்பது 2015இல் வந்த எஸ்/4 ஹானாவா, 2027 இறுதியுடன் வழமையான பராமரிப்பு முடியும் பழைய ஈ.சி.சி.யா? சான்றிதழ் எஸ்.ஏ.பி. வழங்குவதா, வகுப்பு நடத்துபவர் அச்சடித்ததா?

மழுப்பினால் எழுந்து வாருங்கள். முதலில் மூன்று மாதம் இலவசமாகப் படியுங்கள். அதன்பின்னும் ஆர்வம் நிலைத்தால் நகையைப் பற்றி யோசிக்கலாம்.